செக்குபந்தி

வட்டார வளர்ச்சி அலுவலகம் அனுப்பிய படிவத்தில்
ஒன்பதாவது கேள்வி:
கிராமத்தின் வரலாறும் புவியியலும்
(ஐந்து வரிகளுக்கு மிகாமல்).
ஊராட்சி செயலர் நான். பெயர் மங்கவரம்.
நனைந்த கணினியை ஃபேனுக்கடியில் காயவைத்துவிட்டு
பேனாவால் எழுதுகிறேன்.

நொச்சிமடு, கடலூர் வட்டம்.
வடக்கே புதுச்சேரி.
கிழக்கே புதுச்சேரி.
மேற்கே, வாய்க்கால் தாண்டினால், புதுச்சேரி.
தெற்கே பெண்ணையாறு.
ஆற்றுக்கு அந்தண்டைதான் எங்கள் மாவட்டம்,
கலெக்டர், கருவூலம்,
மழைக்கு லீவு விடுகிறவர்கள் எல்லாம்.

வீடுகள் நூற்றுப் பதினேழு.
மண்: மேலே வண்டல், முழத்துக்குக் கீழே மணல்,
நாற்பதடியில் களி.
அதற்கும் கீழே என்னவென்று
போர் போட்ட இருசப்பனுக்குத்தான் தெரியும்.
கரி மாதிரி ஏதோ வருகிறது என்று சொல்லி
அடிக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டார்.

வரலாறு.
கல்வெட்டு இல்லை.
எந்த ராஜாவும் இங்கே
குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூட நின்றதில்லை.
கும்பினிக்காரரும் பிரெஞ்சுக்காரரும்
எங்கேயோ ஒரு மேசைமேல் வரைபடத்தைப் பிய்த்துக்கொண்டபோது
இந்தத் துண்டு கும்பினிப் பக்கம் விழுந்தது.
சுடுகாடு பிரெஞ்சுப் பக்கம்.

ஆகவே
நொச்சிமடுவில் பிறந்தவர் உண்டு, இறந்தவர் உண்டு,
எரிந்தவர் ஒருவரும் இல்லை.
மதகுக்கிட்டே சுங்கச் சிப்பாய் பாடையை நிறுத்துவானாம்.
பிணத்துக்குத் தீர்வை இல்லை, போ என்பானாம்.
போகும்போது அதிர அதிர அடித்த மேளம்
திரும்பும்போது வாயைத் திறக்காது.
உள்ளே சீமைப் பட்டும், வைக்கோல் சுற்றிய பிராந்தியும்.
அந்த இரண்டு வருஷம் ஊரில் சாவு அதிகம் என்று
பழைய கிராமக் கணக்கில் இருக்கிறது.
யார் செத்தார்கள் என்று இல்லை.

பிறகு கொடி மாறியது.
சுங்கச்சாவடி டீக்கடை ஆனது.
இப்போது சாயங்காலமானால் ஆண்கள்
மேளமில்லாமலே மதகைத் தாண்டுகிறார்கள்.
திரும்பும் வழியில் விழுந்து கிடப்பவரின்
தலை ஒரு ஸ்டேஷன் சரகம், கால் ஒரு ஸ்டேஷன் சரகம்.
விடியும்வரை யாரும் தூக்குவதில்லை.

சாத்தனூரில் அணையைத் திறந்த ராத்திரி
பள்ளிக்கூட மொட்டைமாடியில் அறுபத்திரண்டு பேர்,
ஒரு கன்றுக்குட்டி, தேசிங்குவின் தையல் மெஷின்.
கீழே ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது,
யார் வீட்டுக் கதவோ அதன்மேல்.
வடிந்ததும் நிவாரணம் வந்தது:
அந்தப் பக்கம் அட்டைக்கு ஐயாயிரம்,
இந்தப் பக்கம் இரண்டாயிரம்.
இரு கரையிலும் மார்பளவுத் தண்ணீர்தான்.
வாய்க்காலின் அகலம் மூவாயிரம் ரூபாய் என்று
அன்றைக்குத்தான் அளந்தோம்.

போன வாரம் இரண்டு சர்வேயர்கள் வந்தார்கள்,
அவரவர் அரசாங்கத்தின் சங்கிலியோடு.
எல்லைக்கல்லைக் காணோம்.
வாய்க்காலும் இருந்த இடத்தில் இல்லை.
இங்கே என்றார் ஒருவர், அங்கே என்றார் இன்னொருவர்.
வெயில் ஏறியதும்
இருவரும் ஒரே டீக்கடைக்குப் போனார்கள்.

கல்லை நான் பார்த்தேன்.
பச்சைவாழி அக்கா வீட்டுக் கொல்லையில்,
குழாயடியில், போர்வை துவைத்துக்கொண்டிருந்தார்.
ஆறு கொண்டுவந்து போட்டதும்மா,
நல்ல வாட்டமா இருக்கு.
ஒரு பக்கம் என்னமோ எழுத்து, சொரசொரன்னு.
மறுபக்கம் வழவழன்னு.
எது அந்த ஊர்ப் பக்கம், எது நம்ம பக்கம் என்று கேட்டேன்.
யோசித்தார்.
அழுக்குப் போறது எழுத்துப் பக்கம்தான், என்றார்.

ஐந்து வரி எப்போதோ முடிந்துவிட்டது.
ஓரத்தில் சின்ன எழுத்தில் சேர்க்கிறேன்:
மேற்படி எல்லை தற்சமயம்
பச்சைவாழி வீட்டுக் குழாய்க்குத் தெற்கே ஆறடி.
துணி அலசும் நேரம் தவிர
மற்ற நேரங்களில் பார்வையிடலாம்.